சுழற்சியில் பாதி

"இதே சிக்னலை வேறொரு குழு வெளியிட்டிருந்தால் நம்பியிருப்பீர்களா?" என்று கேட்டார், தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடும் எங்கள் குழுவில் ஆய்வு செய்த மாணவி. ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரத்தைக் கோள் சுற்றுவது போல் காட்டிய சிக்னல் அது. "அது வேறு விஷயம்" என்றேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அவரிடம் அல்ல, என்னிடம்.

2015 தொடக்கம் அது. கோள் இழுக்க இழுக்க நட்சத்திரமும் கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டத்தை நிறமாலைக் கோடுகளின் நகர்வில் அளந்துதான் கோளைத் தேடுகிறோம். நம் பூமி சூரியனை ஆட்டுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர் வேகத்தில்தான். சிவப்புக் குள்ள நட்சத்திரம் எடை குறைந்தது, கோளும் கிட்டத்திலேயே சுற்றும், அதனால் பூமியளவு கோள்கூட அதை நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு ஆட்டிவிடும். சிலியில் லா சியா மலையில் இருக்கிற, இந்த ஆட்டத்தை அளக்கும் ஹார்ப்ஸ் கருவிக்கு அது எட்டுகிற அளவு. ஆட்டம் எத்தனை நாளுக்கொரு முறை திரும்ப வருகிறது என்று காட்டும் வரைபடம் பீரியடோகிராம். அவர் காட்டியதில் ஒரு முனை தெளிவாக எழுந்து நின்றது. சிக்கல் என்னவென்றால், அது நின்ற இடம் நட்சத்திரத்தின் சுழற்சிக் காலத்தில் ஏறக்குறையப் பாதி.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அது போதும், வயிற்றைக் கலக்கும். நட்சத்திரத்தின் முகத்தில் கரும்புள்ளி இருந்து, அது நம்மை நோக்கித் திரும்பும் பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கத்து வெளிச்சம் கொஞ்சம் குறைந்து, நிறமாலைக் கோடு சிவப்புப் பக்கம் சாய்ந்தது போல் தெரியும். புள்ளி மறுபக்கம் போனதும் நீலப் பக்கம் சாயும். எதிரெதிராக இரண்டு புள்ளிக் கூட்டங்கள் இருந்துவிட்டால் சுழற்சியில் பாதிக்கொரு முறை அதே ஆட்டம். கோள் எதுவும் தேவையே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் கிளீஸ 581 டி என்ற கோளை, அது கோளே இல்லை என்று அப்படி அடித்தார்கள்: கோளின் காலம் 66 நாள், நட்சத்திரம் சுற்றுவது 130 நாள். எத்தனை பேர் கொண்டாடிய கோள் அது!

அதனால் "இன்னொரு சீசன் பொறுப்போம்" என்றேன். புள்ளியாக இருந்தால் காலப்போக்கில் சிக்னல் குழம்பும், கோளாக இருந்தால் தரவு சேரச் சேர முனை உயரும். இதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை, இன்றைக்கும் ஒரு மாணவருக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் அவருடைய உதவித்தொகை அடுத்த சீசனுக்கு முன்பே முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும். "நட்சத்திரம் அடுத்த வருஷமும் வரும், நான் இருக்க மாட்டேனே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் ஒரு பின்னிணைப்பாகச் சுருங்கியது. அப்புறம் அவர் ஒரு தரவு நிறுவனத்தில் வேலைக்குப் போய்விட்டார், நல்ல சம்பளம் என்று கேள்வி.

அடுத்த சீசன் தரவு வந்தபோது முனை கொஞ்சம் தாழ்ந்தது. ஜெயித்துவிட்டேனா? அதுவும் இல்லை. 2015 நடுவில் ஹார்ப்ஸின் ஒளியிழைகளை மாற்றினார்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அளவீடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையும் நாமே கணக்கில் பொருத்த வேண்டும், அந்தப் பொருத்தம் சிக்னலில் ஒரு பங்கைத் தின்றிருக்கலாம். புள்ளிகளால் வரும் ஆட்டத்தைக் கணித்துக் கழிப்பதற்காகச் சேர்க்கும் காஸியன் செயல்முறை என்ற புள்ளியியல் முறையும் அப்படித்தான், கொஞ்சம் இளக்கமாக விட்டால் கோளையும் சேர்த்து விழுங்கிவிடும்.

2016 ஆகஸ்டில், சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமாவைச் சுற்றும் பிராக்சிமா பி என்ற கோளின் அறிவிப்பு வந்தது. 4.2 ஒளியாண்டு தூரம், 11.2 நாள் சுற்று, நொடிக்கு 1.4 மீட்டர் ஆட்டம். அன்று அந்த மாணவியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அந்தச் சுட்டி மட்டும், வேறு ஒரு வார்த்தை இல்லை. பிராக்சிமா தன்னைச் சுற்ற 80 நாளுக்கு மேல் ஆகிறது, 11-க்கும் அதற்கும் தொடர்பில்லை, அதோடு நட்சத்திரத்தின் வெளிச்சம் ஏறி இறங்குவதையும் கூடவே அளந்தார்கள், நம் கதை வேறு என்று நீளமாகப் பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். 2021-இல் காப்டெய்ன் நட்சத்திரத்தின் 48 நாள் கோளும் சுழற்சியின் வேலைதான் என்று ஒரு கட்டுரை வந்தபோது எனக்கு ஒரு திருப்தி வந்ததே, அதையும் சொல்ல வேண்டும். அது அறிவியல் திருப்தி இல்லை. பர்னார்டு நட்சத்திரத்தைச் சுற்றி 2018-இல் சொன்ன 233 நாள் கோள் நிற்கவில்லை, 2024-இல் அதே நட்சத்திரத்தில் 3.15 நாள் கோள் ஒன்று கிடைத்தது. இதிலிருந்து பொறுத்திருந்தது சரி என்றும் வாதாடலாம், யாராவது துணிந்து ஒன்றைச் சொன்னதால்தான் மற்றவர்கள் அந்த நட்சத்திரத்தை விடாமல் பார்த்தார்கள் என்றும் வாதாடலாம். நான் நாளுக்கொரு பக்கம்.

தரவு சொன்னதைச் செய்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஆனால் அந்தச் சிக்னல் வேறு குழுவிலிருந்து வந்திருந்தால் என் முதல் கேள்வி சுழற்சிக் காலம் பற்றியதாக இருந்திருக்கும், நிராகரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அப்படியானால் அன்றைக்கே ஏன் அதைச் சொல்லவில்லை? கிளீஸ 581 மாதிரி என் பெயர் அடிபடக் கூடாது என்ற பயம் அதில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாததால்தான் போலிருக்கிறது.

இப்போது குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர் அதே நட்சத்திரத்தை அகச்சிவப்பிலும் சேர்த்துப் பார்க்கலாமா என்கிறார். நல்ல யோசனை, புள்ளி என்றால் அகச்சிவப்பில் ஆட்டம் பெரும்பாலும் குறையும், கோள் என்றால் எந்த நிறத்திலும் ஒன்றுதான். சரி என்றேன். பழைய முனை எங்கே இருந்தது என்று சொல்லவில்லை, அவரே பார்க்கட்டும், முன்கூட்டிச் சொன்னால் கண் அங்கேயே போகும். கட்டுரை என்று ஒன்று வந்தால் முன்பு வேலை செய்தவரின் பெயர் ஆசிரியர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்டார். பின்னிணைப்பைப் படித்துப் பாருங்கள் என்றேன்.