ஒரே ஆண்டில் ஐந்து பயிற்சியாளர்கள்

பத்து நாளாக எங்கள் கூடைப்பந்துத் தரையில் நெல் காய்கிறது. குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்தே வந்துவிட்டன. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கத் தயங்குவார்கள். பாபநாசத்தில் எங்கள் தெருப் பக்கம் இவ்வளவு பெரிய சிமெண்ட் தரை வேறு இல்லை. விளையாட வருகிற பெண்களில் பாதிப் பேர் வீட்டு நெல்லும் அங்கேதான் கிடக்கிறது. ஒரு ரிங்குக்குக் கீழே ஒரு குவியல், இன்னொன்றுக்குக் கீழே தார்ப்பாய். நெல்லை அள்ளிய பிறகும் நாலு நாளைக்குப் பந்தில் சுணை ஒட்டிக்கொண்டு கை அரிக்கும்.

ஆட்டம் இல்லாத இந்த நாட்களில் பெற்றோர்கள் என் மருந்துக்கடைக்கு வந்து பேசினார்கள். "அக்கா, ரெண்டு வருஷமா முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வர்றாங்க. கும்பகோணத்துலேந்து நல்ல மாஸ்டரா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துடலாமே" என்றார் ஒருவர். இப்போது சொல்லித்தருகிற பெண்ணுக்கு வயது 24. தினமும் காலை ஐந்தரைக்கு முதலில் வந்து தரையைக் கூட்டுகிறவள் அவள்தான். அவளை நிறுத்திவிடலாம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பேச்சு அங்கேதான் போய் நின்றது.

எனக்கு உடனே சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஞாபகம்தான் வந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து அணி. 2013 ஜூனில் அவர்களுடைய இறுதிச் சுற்றைக் கடை திறப்பதற்கு முன், காலை ஆறு மணிக்கு டிவியில் பார்த்தேன். அந்த ஆண்டு ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, குடமுருட்டி வெறும் மணலாகக் கிடந்தது, ஊரே சோர்ந்திருந்தது. ஆறாவது ஆட்டத்தில் 28 வினாடி இருக்கும்போது ஸ்பர்ஸ் 5 புள்ளி முன்னிலை. கடைசி நேரத்தில் பயிற்சியாளர் கிரெக் போபோவிச் தன் உயரமான ஆட்டக்காரர் டிம் டங்கனை வெளியே உட்காரவைத்தார். எதிரணியான மயாமி தவறவிட்ட பந்தை அவர்களே எடுத்து, ரே ஆலன் மூலையிலிருந்து மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஸ்பர்ஸ் தோற்றது. ஏழாவது ஆட்டமும் போயிற்று. இனிமேல் அந்த மனிதரை வைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆண்டு அதே போபோவிச், அதே டங்கன், அதே மயாமியை 4-1 என்று வென்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர்கள் வரிசையை உட்கார்ந்து படித்தேன். 1967-இல் டாலஸ் சாப்பரல்ஸ் என்ற பெயரில் தொடங்கியபோது பயிற்சியாளர் கிளிஃப் ஹேகன், ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தவர். 1973-இல் அணி சான் அன்டோனியோவுக்கு வந்தது, 1976-இல் என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் சேர்ந்தது. டக் மோ, ஸ்டான் ஆல்பெக், காட்டன் ஃபிட்ஸ்சிம்மன்ஸ், பாப் வைஸ் என்று வருவதும் போவதுமாக இருக்கும். நடுநடுவே பாப் பாஸ் என்று ஒரு பெயர். யாரையாவது அனுப்பிவிட்டால் இவரைக் கூப்பிடுவார்கள். 1974, 1980, 1983-84 சீசன், 1992 என நான்கு தடவை அவர் வந்து அணியைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். நம் ஊர் வீடுகளில் எல்லா விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து பந்தியைப் பார்த்துக்கொண்டு, கடைசிப் பந்தியில் சாப்பிடுகிற மாமா ஒருவர் இருப்பார். பாப் பாஸை நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வரிசையில் என்னை மிகவும் பாதித்தது 1992. ஜனவரியில் லாரி பிரவுன் போனார். மீதி சீசனுக்கு பாப் பாஸ். அடுத்த சீசனுக்குக் கல்லூரி அளவில் பெரிய பெயர் எடுத்த ஜெர்ரி டார்க்கேனியனைக் கொண்டுவந்தார்கள். பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்த ஒரு நல்ல கார்டு வேண்டும் என்று அவர் கேட்டார், உரிமையாளரோடு ஒத்துப்போகவில்லை. 20 ஆட்டத்தில் அவரும் போனார். ஒரே ஒரு ஆட்டத்துக்கு ரெக்ஸ் ஹியூஸ். டிசம்பரில் ஜான் லூகாஸ். காலண்டர் மாறுவதற்குள் ஐந்து பேர். இத்தனை பேரிடமும் ஆடியவர் டேவிட் ராபின்சன். 1987-இல் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடற்படைப் பணி முடியும்வரை இரண்டு ஆண்டு காத்திருந்த அணி இது. ஆட்டக்காரருக்காக அவ்வளவு பொறுமை காட்டியவர்களுக்குப் பயிற்சியாளரிடம் அது இல்லாமல் போய்விட்டது.

ராபின்சன் எப்படித் தாங்கினார் என்று நினைத்தால் எனக்கு என் ஏழாம் வகுப்பு வந்துவிடும். பள்ளியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பி.டி. சார், மல்லாக்கப் படுக்கவைத்துப் பந்தை நேராக மேலே போடச் சொல்வார். முழங்கை வெளியே போகாமல் போட்டால் பந்து அதே கைக்குத் திரும்பும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. சோனல் போட்டியில் தோற்றோம். நிர்வாகம் அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டு ஆண்டு விழா வேலையைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்தவர் பெண் பிள்ளைகள் இரண்டு கையாலும்தான் போட வேண்டும் என்றார். அதற்கடுத்தவர் ஓடவிட்டார், பந்தே கொடுக்கவில்லை. பத்தாவதில் வந்தவர் மறுபடி ஒரு கைக்கு மாறச் சொன்னார். நான்கு வருடத்தில் நான்கு பேர். அவரவர் அளவில் எல்லோரும் நல்லவர்களே. ஆனால் பந்தை எடுத்தால் எந்தக் கையை எப்போது விடுவது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். யோசித்துப் போட்டால் பந்து போகாது. பதினோராம் வகுப்பில் விளையாட்டையே விட்டுவிட்டேன்.

சரி, போபோவிச்சுக்கு வருகிறேன். 1996-97 சீசன் 3 வெற்றி, 15 தோல்வியோடு தொடங்கியது. அப்போதைய பயிற்சியாளர் பாப் ஹில் முந்தைய இரண்டு சீசனில் 62, 59 ஆட்டங்கள் ஜெயித்துக் கொடுத்தவர். அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தவர், அணியின் பொது மேலாளராக இருந்த போபோவிச்சேதான். ராபின்சன் காயத்தில் இருந்தபோது வந்த தோல்விகளுக்கு ஹில்லைப் பொறுப்பாக்கியது நியாயமே இல்லை. போபோவிச் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், இதை இன்றுவரை ஏற்க முடியவில்லை.

வந்த முதல் சீசனில் அவர் கணக்கு 17 வெற்றி, 47 தோல்வி. அதற்கும் பல ஆண்டு முன்னால், பொமோனா-பிட்சர் என்ற சிறிய கல்லூரி அணியில் அவருடைய முதல் சீசன் 2 வெற்றி, 22 தோல்வி. என்.பி.ஏ.வில் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் தோற்ற அணிகளுக்குத்தான் முன்னுரிமை. அத்தனை மோசமாகத் தோற்றதால்தான் 1997 தேர்வில் முதல் இடம் கிடைத்து டிம் டங்கன் வந்தார். "டங்கன் வந்தா யாரு வேணும்னாலும் ஜெயிக்கலாம்" என்று என் கணவர் சொல்வார். டங்கன் வந்த இரண்டாவது சீசனும் 6 வெற்றி, 8 தோல்வி என்றுதான் தொடங்கியது. போபோவிச்சை எடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எடுக்கவில்லை. மீதி 36 ஆட்டத்தில் 31 வெற்றி, 1999-இல் அந்த அணிக்கு முதல் கோப்பை. ஏழு பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்ட ராபின்சன் அந்தக் கோப்பையைத் தூக்கினார். பிறகு 2003, 2005, 2007, 2014.

கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளைச் சேர்க்காமலே போபோவிச் கணக்கில் 1,422 வெற்றி. இந்தக் கணக்கை விட எனக்குப் பெரியது 2020 டிசம்பர் 30. நடுவரோடு வாதாடி போபோவிச் வெளியேற்றப்பட்டார். போகும்போது உதவிப் பயிற்சியாளர் பெக்கி ஹாம்மனைக் கைகாட்டிவிட்டுப் போனார். ஒரு பெண் என்.பி.ஏ. ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளராக அணியை நடத்தியது அன்றுதான் முதல் தடவை. அவரை அங்கே வேலைக்கு எடுத்தது 2014-இல். ஆறு ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். அந்தக் காட்சியை எங்கள் பெண்களுக்கு என் போனில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

2024 நவம்பரில் போபோவிச்சுக்குப் பக்கவாதம் வந்தது. 2025 மே மாதம் பொறுப்பை மிட்ச் ஜான்சனிடம் விட்டுவிட்டு அணியின் நிர்வாகத் தலைவராக இருந்துகொண்டார். ஜான்சனும் அங்கேயே உதவிப் பயிற்சியாளராக இருந்து வளர்ந்தவர்.

நேற்று என் பழைய பி.டி. சாருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு பிள்ளைங்க முழங்கையப் பாக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டார். "பார்க்குது சார். படுக்கவச்சுப் போடச் சொல்லுது" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எத்தனை தடவை?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். ஒரு தாளில் 3-15, 17-47, 6-8 என்று எழுதி வைத்திருக்கிறேன். குறைந்தது மூன்று ஆண்டு அவளை அங்கேயே விடுங்கள் என்று கேட்கப்போகிறேன். அதுவரை கடை வருமானத்திலிருந்து பந்து வாங்கித் தருவது என் பொறுப்பு. வடக்கு ரிங் பக்கம் நெல்லை இன்று மாலை அள்ளிவிட்டார்கள். நாளை காலை பாதித் தரையில் ஆரம்பிக்கலாம் என்று அவளிடமிருந்து செய்தி வந்திருக்கிறது, "அக்கா, ரெண்டு தொடப்பம் கொண்டு வாங்க" என்று.