கூடத்து விளக்கும் கிறிஸ்துமஸ் கள்ளியும்

செப்டம்பர் 24, டொராண்டோ
இரவுக் குளிர் 10 டிகிரியைத் தொடப்போகிறது. பால்கனியில் இருந்த கள்ளி உள்ளே வந்தாயிற்று. முதலில் கணுக்களை, அதாவது தட்டையான தண்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை, பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி அந்த இடுக்குகளில்தான் வெள்ளைப் பஞ்சாய் ஒட்டியிருக்கும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

செப்டம்பர் 28
நுனி கிள்ளும் நாள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இளந்துண்டுகள் இந்த வருடம் மொட்டு வைக்காது. அவற்றை எடுத்துவிட்டால் அடுத்துள்ள முற்றிய துண்டு வைக்கும். கத்தி வேண்டாம், லேசாக முறுக்கினாலே கணுவில் கழன்றுவிடும். உரம் ஆகஸ்டோடு நின்றது.

அக்டோபர் 3
இனி எல்லாம் இருட்டின் கையில். இந்தச் செடி பகலை அல்ல, இரவின் நீளத்தைத்தான் அளக்கிறது. தினமும் 13, 14 மணி நேரம் தொடர்ந்து இருட்டு வேண்டும், கிட்டத்தட்ட ஆறு வாரத்துக்கு. நடுவில் விளக்கு எரிந்தால் ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாக உடைந்துபோகும். குளிரும் சேர்ந்தே வேலை செய்கிறது. இரவில் 15, 16 டிகிரி இருந்தால் நல்லது. 10, 12 வரை இறங்கினால் இருட்டே பெரிதாகத் தேவைப்படாது. 24-ஐத் தாண்டும் அறையில் எவ்வளவு இருட்டு கொடுத்தாலும் மொட்டு வராது. ஆகவே பின்னறை, கிழக்கு ஜன்னல், ஹீட்டர் அடைப்பு. பகலில் நல்ல வெளிச்சம், மாலை 6 முதல் காலை 8 வரை கும்மிருட்டு.

கூடத்து விளக்கு கதவிடுக்கு வழியாக உள்ளே விழுகிறது.

அக்டோபர் 5
கதவடியில் பழைய துவாலையைச் சுருட்டி வைத்தாயிற்று.

அக்டோபர் 12
ஃபோனில் பெரியம்மாவின் முதல் கேள்வி: "மொட்டு வந்துட்டுதா?" இன்னும் இல்லை.

அக்டோபர் 16
துண்டுகள் கொஞ்சம் துவண்டிருக்கின்றன. இதுதான் ஆளை ஏமாற்றும் இடம். தண்ணீர் குறைந்தாலும் துவளும், கூடி வேர் அழுகினாலும் துவளும். பார்த்தவுடன் தண்ணீர் ஊற்றுபவர்கள்தான் செடியைக் கொல்கிறார்கள். மேல்மண்ணில் விரலை இரண்டு சென்டிமீட்டர் விட வேண்டும், தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மண் காய்ந்து தொட்டி லேசாக இருந்தால் தாகம். ஈரமாக இருந்தும் துவண்டால் செடியை உருவி வேரைப் பார்த்துவிட வேண்டும். நல்ல வேர் வெளுத்து உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாகி, பிடித்து இழுத்தால் தோல் கையோடு உரிந்து உள்ளே நூல் மட்டும் நிற்கும். அந்த நிலையில் வேருக்கு வைத்தியம் பார்ப்பதைவிட மேலே நன்றாக உள்ள துண்டுகளைக் காப்பாற்றுவதே மேல்.

நம்முடையது தாகம்தான். அடியில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டியாயிற்று. பெயர் கள்ளி என்றாலும் பாலைவனச் செடி அல்ல இது. பிரேசிலின் கடலோர மலைக்காடுகளில் மரக்கிளைமேலும் பாறையிடுக்கிலும் இலைமக்கைப் பிடித்து வளர்வது. ஈரம் வேண்டும், தேக்கம் கூடாது.

அக்டோபர் 27
மொட்டு!
துண்டின் நுனியில், இரண்டு பற்களுக்கு நடுவே, குண்டூசித் தலையளவு. புதுத் துளிரோ என்று சந்தேகம் வரும். துளிர் தட்டையாகப் பச்சையாக இருக்கும். இது உருண்டு, நுனி சிவந்திருக்கிறது. மூன்று கிளைகளில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு ஃபோட்டோ அனுப்பியாயிற்று. அவர் இருக்கும் இடத்தில் தொட்டிச் செடி வைக்க விடமாட்டார்களாம்.

அக்டோபர் 28
திருப்பக் கூடாது. நகர்த்தக் கூடாது.

நவம்பர் 2
கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். செடிக்கு அதனால் ஒன்றும் இல்லை.

நவம்பர் 8
காலையில் தட்டில் உதிர்ந்த மொட்டுகள். ஹீட்டர் காற்று இந்தப் பக்கம் வரவில்லை, மண்ணும் சரியாகத்தான் இருக்கிறது. பிறகுதான் கண்ணில் பட்டது, பக்கத்து மேசையில் யாரோ வைத்த வாழைப்பழச் சீப்பு. பழுக்கும் பழம் எத்திலீன் வாயு விடும், மொட்டு அதற்குத் தாங்காது. சீப்பு சமையலறைக்குப் போயிற்று. மிச்ச மொட்டுகள் நிற்க வேண்டும். நின்றே ஆக வேண்டும்.

நவம்பர் 10
உதிரவில்லை.

நவம்பர் 15
மொட்டுகள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டன. இனி இருட்டு தேவையில்லை, கூடத்து விளக்கு எரியலாம். ஆனாலும் இன்று அணைத்தாயிற்று.

நவம்பர் 23
முதல் பூ. அடுக்கடுக்காகப் பின்னோக்கி மடங்கிய இதழ்கள், வெளியே நீட்டிய மகரந்தத்தாள், மஞ்சள் மகரந்தம். தண்டுத் துண்டின் ஓரத்தில் கூரிய பற்களும், பூவில் மஞ்சள் மகரந்தமும் இருந்தால் அது ட்ரங்காட்டா இனம், நவம்பரிலேயே பூப்பது. கிறிஸ்துமஸ் கள்ளி என்று கடைகளில் விற்பதில் பெரும்பாலும் இதுதான். பழைய வீடுகளில் தலைமுறையாக இருக்கும் பக்லி என்ற இன்னொரு வகையில் துண்டின் ஓரம் மழுங்கி அலையலையாக இருக்கும், மகரந்தம் இளஞ்சிவப்பு. அது இன்னும் சில வாரம் கழித்துப் பூக்கும். இந்தப் பூ ஒரு வாரம் நின்றால் நல்லது. குளிர்ந்த அறையில் கூடுதலாக நிற்கும்.

"வாசம் இருக்கா?" இல்லை, பெரியம்மா.

டிசம்பர் 11
கடைசிப் பூக்கள். தண்ணீரைக் குறைத்தாயிற்று. தொட்டி மாற்றுவது வசந்தத்தில்தான், அதுவும் ஒரே ஒரு சுற்றுப் பெரிய தொட்டிக்கு. வேர் நெருக்கம் இதற்குப் பிடிக்கும். கலவை: இரண்டு பங்கு தொட்டி மண், ஒரு பங்கு பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்), ஒரு பங்கு ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டை.

டிசம்பர் 19
பெரியம்மா வியாழன் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு ஒரு தொட்டி. மூன்று துண்டு நீளத்தில் நான்கு தண்டுகளை முறுக்கி எடுத்துத் தாளில் பரப்பியாயிற்று. வெட்டுவாய் இரண்டு நாள் ஆற வேண்டும், பச்சையாக நட்டால் அழுகும். பிறகு ஈரக் கலவையில் அடித்துண்டின் பாதிவரை செருகி, நான்கையும் ஒரே தொட்டியில் நெருக்கமாக வைக்க வேண்டும். வேர் பிடிக்க மூன்று நான்கு வாரமாகும், அதுவரை தெளிப்புத் தண்ணீர் போதும். பத்து சென்டிமீட்டர் தொட்டி ஒன்று அலமாரிக்குப் பின்னால் இருக்க வேண்டும்