கிரீன் கார்ட் வாறதுக்கு முன்னம் ரெஃப்யூஜி ட்ராவல் டொக்குமென்ட்டில கனடா போய் வந்த அனுபவம்

அமெரிக்காவில அசைலம் (அகதித் தஞ்சம்) கிடைச்சு, கிரீன் கார்ட்டுக்கு ஃபைல் பண்ணிப்போட்டு, எப்ப வரும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிற எங்கட ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். எனக்கு அலுவல் முடிஞ்சுது. ரெஃப்யூஜி ட்ராவல் டொக்குமென்ட் (அகதிகளுக்கு அமெரிக்கா குடுக்கிற பயணப் புத்தகம்) கிடைச்சு, அதில கனடா விசா குத்தி, டொரொண்டோ போய் அம்மாவைப் பார்த்திட்டு நியூ ஜெர்சிக்குத் திரும்பி வந்தாச்சு. ஆனா நடுவில நடந்ததுகளை நினைச்சா இன்னும் வயிறு எரியுது, ஏனெண்டா அந்த இழுபறியில பாதி சட்டத்தால வந்ததில்லை, காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யிறவை ஃபோர்மை ஒழுங்காப் பார்க்காததால வந்தது.

மற்றதெல்லாம் சொல்ல முன்னம் ஒண்டு. கையில இலங்கைப் பாஸ்போட் இருக்குத்தானே, அதில போட்டு வந்தா என்ன எண்டு கேக்கிறவை கனபேர் இருக்கினம், கொன்சியூலேட்டுக்குப் போய்ப் புதுப்பிச்சவையும் இருக்கினம். தயவுசெய்து செய்யாதேங்கோ. எந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள் எண்டு ஜட்ஜுக்கு முன்னால சத்தியம் பண்ணிச் சொன்னமோ, அதே அரசாங்கத்திட்ட திரும்பிப் போய் பாதுகாப்புக் கேட்டதா அதை எடுக்கலாம், அசைலத்தையே முடிக்கிறதுக்கு அது ஒரு காரணமா வரலாம். ஊருக்குப் போறது அதைவிட ஆபத்து, செத்தவீட்டுக்குத்தான் போனன் எண்டாலும் கேள்வி வரும். ஒரு கலியாணத்துக்காக உங்கட கேஸைப் பணயம் வைக்காதேங்கோ.

இனி என்ர கதை. 2024ல கிரீன் கார்ட்டுக்குப் போட்டன், அதே லோயர் ஒஃபிஸ்லதான் ட்ராவல் டொக்குமென்ட்டுக்கான ஐ-131 ஃபோர்மையும் குடுத்தன். அங்க லோயரைக் காண ஏலாது, ஃபோர்ம் நிரப்புற பிள்ளையோடதான் எல்லாக் கதையும். சைன் வைக்க வாங்கோ எண்டு கூப்பிட்டுது, வேலைக்கு லீவு போட்டிட்டு ட்ராஃபிக்ல அவ்வளவு தூரம் போனா பிள்ளை அண்டைக்கு வரேல்லையாம், ஃபைல் எங்க இருக்கு எண்டு ஆருக்கும் தெரியாதாம். பிறகு இன்னொரு நாள் போய் கடைசிப் பக்கத்தில மட்டும் சைன் வைச்சிட்டு வந்தன், மற்றப் பக்கங்களைக் காட்டுங்கோ எண்டு கேக்க, இன்னும் டைப் பண்ணி முடியேல்ல, முடிச்சு அனுப்புறம் எண்டிச்சினம்.

பார்சல் போனதுக்குப் பிறகுதான் கொப்பியும் பில்லும் வந்தது. பில்லில அரசாங்கக் கட்டணம் 630 டொலர் எண்டு இருந்தது. எனக்கு அங்கயே நெஞ்சு திக் எண்டுது, ஏனெண்டா 2024 ஏப்ரல்ல கட்டணம் மாறின பிறகு ரெஃப்யூஜி ட்ராவல் டொக்குமென்ட்டுக்கு 16 வயசுக்கு மேல 165 டொலர், அதுக்குக் கீழ 135. அந்த 630 எண்டது அட்வான்ஸ் பரோலுக்கு. ஃபோர்மைப் பிரட்டிப் பார்த்தா, கிரீன் கார்ட் பெண்டிங்ல இருக்கிற எல்லாருக்கும் போடுறது மாதிரி எனக்கும் அட்வான்ஸ் பரோல் பெட்டியில டிக் பண்ணி வைச்சிருக்கினம்.

இது ஏன் பெரிய பிழை எண்டா, அட்வான்ஸ் பரோல் திரும்பி உள்ளுக்கு வாறதுக்கான ஒரு பேப்பர் மட்டும்தான், அது பாஸ்போட் இல்லை. அதோட வெளிநாடு போகவேணும் எண்டா கையில ஒரு பாஸ்போட் வேணும், எங்களிட்ட இருக்கிறது இலங்கைப் பாஸ்போட், அதைத் தொடக்கூடாது எண்டுதானே மேல சொன்னன். ரெஃப்யூஜி ட்ராவல் டொக்குமென்ட் எண்டா பாஸ்போட் மாதிரியே புத்தகமா வரும், விசா குத்தப் பக்கம் இருக்கும். 1951 அகதிகள் உடன்படிக்கையின்ர 28ஆம் பிரிவில இருந்து வாற விஷயம் இது, எங்களுக்கு எண்டே இருக்கிற ஒண்டு.

லோயர் ஒஃபிஸுக்கு அடிச்சுச் சொன்னன். "ரெண்டும் ஒண்டுதான் அண்ணை" எண்டு மறுமொழி. ஒண்டில்லைத் தங்கச்சி எண்டு ஃபோர்மில இருக்கிற வரியை அப்பிடியே வாசிச்சுக் காட்டின பிறகுதான் லோயரே லைனுக்கு வந்தார். இனிப் புது ஐ-131 போடவேணும், கட்டின 630 திரும்பி வராது, யூ.எஸ்.சி.ஐ.எஸ் (அமெரிக்கக் குடிவரவு அலுவலகம்) கட்டணம் திருப்பிக் குடுக்கிறேல்ல. அந்தக் காசை நீங்கள்தான் தரவேணும் எண்டு நிண்டன், கன இழுபறிக்குப் பிறகு தங்கட ஃபீஸைக் கழிச்சுவிட்டினம், அவ்வளவுதான். நான் ரெண்டாவது ஃபோர்மை அவையிட்டக் குடுக்கேல்ல. வீட்டில இருந்து நானே நிரப்பினன். நம்பிச் செய்யுங்கோ, அசைலம் கேஸையே தாண்டி வந்த ஆக்களுக்கு இந்த ஃபோர்ம் ஒரு பெரிய விஷயமே இல்லை.

நான் வைச்சது: ஜட்ஜின்ர ஓடர் கொப்பி, அசைலம் எண்டு போட்ட ஐ-94 (எந்த நிலையில இஞ்ச இருக்கிறம் எண்டு காட்டுற பதிவு), ஏ-5 (அசைலம் கிடைச்சவைக்கான வகை) வேர்க் பெர்மிட் ரெண்டு பக்கமும், ரெண்டுக்கு ரெண்டு இஞ்சில ரெண்டு படம். கோர்ட்டில அசைலம் கிடைச்சவை சிலபேர் ஐ-94 எடுக்காமலே இருக்கினம், ஓடர் கிடைச்ச பிறகு யூ.எஸ்.சி.ஐ.எஸ் ஒஃபிஸுக்கு அப்பொயிண்ட்மென்ட் எடுத்துப் போய் அதை வாங்கவேணும், அது இல்லாமல் இதைத் தொடங்காதேங்கோ. மற்றது பெயர். எங்களுக்கு அப்பாவின்ர பெயர் முன்னுக்கு வாறதால ஒரு பேப்பரில அது முதல் பெயர், இன்னொண்டில குடும்பப் பெயர். என்ர ஐ-94ல ஒரு மாதிரி, வேர்க் பெர்மிட்டில வேற மாதிரி இருந்தது. எந்த ஒழுங்கில வேணுமோ அதை ஒரு சின்னக் கடிதமா எழுதி மேல வைச்சு அனுப்பினன், புத்தகத்தில அப்பிடியே சரியா வந்தது.

கைரேகைக்குக் கடிதம் வந்தது, போனன், குடுத்தன். 14 வயசில இருந்து 79 வரைக்கும் இது இருக்கு. அமெரிக்காவுக்குள்ள நிண்டுகொண்டுதான் விண்ணப்பம் அனுப்பவேணும், கைரேகை குடுக்க முன்னம் வெளிக்கிடாதேங்கோ. இன்னொரு விஷயமும் சொல்லவேணும், அசைலம் கிடைச்சு ஒரு வருஷம் இஞ்ச இருந்தாத்தான் கிரீன் கார்ட், வெளிநாட்டில நிக்கிற நாள் அந்தக் கணக்கில சேராது.

பிறகு காத்திருப்பு. ஒன்லைனில பார்த்தா ஒரு வருஷத்துக்கும் மேல எண்டு காட்டுது. அம்மா சூப்பர் விசாவில (பெற்றார் பிள்ளையளோட கனகாலம் நிக்கக் கனடா குடுக்கிறது) ஸ்காபரோவில அக்கா வீட்டில வந்து நிக்கிறா, நான் அவவைப் பார்த்து எத்தினையோ வருஷம், அதுக்குள்ள அவவுக்கு இருதய ஒப்பரேஷன் எண்டு சொல்லிப்போட்டினம். ஆஸ்பத்திரிக் கடிதத்தை வைச்சு எக்ஸ்பிடைட், அதாவது கெதியாப் பார்க்கச் சொல்லிக் கேட்டன், ஒரு வரியில இல்லை எண்டு பதில் வந்தது. அண்டைக்கு இரவு நித்திரை இல்லை.

வேலையிடத்தில ஒரு எத்தியோப்பியன் நண்பர்தான் சொன்னார், உங்கட ஏரியா காங்கிரஸ் உறுப்பினரின்ர ஒஃபிஸுக்குப் போ எண்டு. நான் ஓட்டுப் போடாத ஆள், என்னை ஆர் கவனிப்பினம் எண்டு கேட்டன், ஓட்டு இருக்கோ இல்லையோ அந்த ஏரியாவில குடியிருந்தாக் காணும் எண்டார். அது உண்மை. அவையின்ர வெப்சைட்டில பிரைவசி ரிலீஸ் எண்டு, எங்கட கேஸ் விபரம் கேக்க அவைக்கு அனுமதி குடுக்கிற ஒரு ஃபோர்ம் இருக்கும், அதைப் பேனையால சைன் பண்ணி, ரிசீட் நம்பர், டொக்டரின்ர கடிதம், அம்மாவின்ர மகன் எண்டு காட்ட என்ர பிறப்புச் சான்றிதழ், அதின்ர இங்கிலிஷ் மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்துக் குடுத்தன். அந்த ஒஃபிஸில வேலை செய்யிற பொம்பிளை ஒராள் என்ர முழுக் கதையையும் பொறுமையாக் கேட்டா, டொக்டரின்ர கடிதத்தில ஒப்பரேஷன் திகதி இல்லை, திகதி போட்டு வாங்கிக்கொண்டு வா எண்டு சொன்னா. அக்கா அடுத்த நாளே ஆஸ்பத்திரியில நிண்டு அதை வாங்கி அனுப்பினா. அந்தத் திகதிதான் கேஸை அசைச்சது எண்டு நான் நம்புறன். கொஞ்ச நாளில அப்ரூவ் எண்டு மாறிச்சு. நான் கார் பார்க்கில நிண்டு அழுதன்.

புத்தகம் தபாலில வரும், போஸ்ட் ஒஃபிஸின்ர இன்ஃபோம்ட் டெலிவரியில பதிஞ்சு வையுங்கோ, என்ன வருது எண்டு காலமையே படம் காட்டும். வீடு மாறினா 10 நாளுக்குள்ள யூ.எஸ்.சி.ஐ.எஸ்ஸுக்குச் சொல்லவேணும், போஸ்ட் ஒஃபிஸுக்கு வேறயாச் சொல்லவேணும்.

கையில கிடைச்ச உடன திகதியைப் பாருங்கோ. ஒரு வருஷம்தான் செல்லுபடி, நீட்டிக்க ஏலாது, அந்த வருஷம் அடிச்ச திகதியில இருந்து ஓடத் தொடங்கும், உங்கட கையில வந்த நாளில இருந்து இல்லை. பிறகு விசா எடுக்க ஒரு காலம் போகும், சில நாடுகள் ஆறு மாசம் மிச்சம் இருக்கவேணும் எண்டு கேக்கும். எல்லாம் கழிச்சுப் பார்த்தா உண்மையில பயணம் போகக்கூடிய காலம் ஒரு சில மாசம்தான். அதால டிக்கெட் முதல் போடாதேங்கோ. இந்தியா போற யோசினை இருக்கிறவைக்கு, இந்தப் புத்தகத்துக்கு ஈ-விசா இல்லை, பேப்பர் விசாதான்.

கனடாவுக்கு கிரீன் கார்ட் ஆக்களுக்கு விசா தேவையில்லை, ஆனா அசைலம் கிடைச்சு கிரீன் கார்ட் வராத எங்களுக்கு விசிட்டர் விசா கட்டாயம். விசாவுக்கு 100 கனடா டொலர், கைரேகைக்கு 85. கைரேகையை இஞ்ச யூ.எஸ்.சி.ஐ.எஸ்ஸின்ர கைரேகை சென்டரிலயே குடுக்கலாம். அவைக்கு முக்கியமான கேள்வி, இவர் திரும்பிப் போவாரோ, இல்லை அங்கயே நிண்டுவிடுவாரோ எண்டதுதான். அதால அக்காவின்ர அழைப்புக் கடிதத்தோட மட்டும் நிப்பாட்டாமல், வேலைக் கடிதம், வீட்டு லீஸ், டாக்ஸ், பிள்ளையின்ர பள்ளிக்கூடக் கடிதம், கிரீன் கார்ட் ரிசீட், அசைலம் ஓடர் எல்லாம் போட்டன், எனக்கு அமெரிக்காவில பாதுகாப்பு இருக்கு, திரும்பி வந்தாத்தான் கிரீன் கார்ட் எண்டு ஒரு பக்கத்தில எழுதினன். விசா கிடைச்சது, புத்தகம் முடியிற திகதி வரைக்கும்தான் தந்தவை.

எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சு நுவார்க் எயார்போட்டுக்குப் போனா, செக்-இன் கவுண்டரில நிண்ட பிள்ளை புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, பாஸ்போட் எங்க எண்டு கேட்டுது. இதுதான் எண்டன். இது பாஸ்போட் இல்லை, உங்கட நாட்டுப் பாஸ்போட்டைத் தாங்கோ எண்டுது. விசாப் பக்கத்தைத் திறந்து காட்டினன், பார்க்கவே இல்லை, வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ, அடுத்த ஆள் வாங்கோ எண்டு என்னை ஒதுக்கி விட்டிட்டுது. பின்னால நிண்ட சனம் எல்லாம் என்னைப் பார்க்குது. என்ர ஊர்ப் பாஸ்போட்டை நான் வேணுமெண்டே வீட்டில விட்டிட்டு வந்தனான், பதட்டத்தில எடுத்து நீட்டிப்போடக்கூடாது எண்டு. நான் சத்தம் போடேல்ல. சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கோ, டைமாட்டிக்ல ரெஃப்யூஜி ட்ராவல் டொக்குமென்ட் எண்டு போட்டுப் பாருங்கோ எண்டு திருப்பித் திருப்பி அதையே சொன்னன். டைமாட்டிக் எண்டது எயார்லைன்காரர் விசா விதி பார்க்கிற சிஸ்டம், அந்தப் பெயரைச் சொன்ன உடன முகம் மாறும். சூப்பர்வைசர் வந்தார், பார்த்தார், போர்டிங் பாஸ் அடிச்சுத் தந்தார். ஒரு சொரி இல்லை. நேரத்துக்கு முன்னமே போனதாலதான் ஃப்ளைட்டைப் பிடிச்சன்.

டொரொண்டோவில இமிக்ரேஷன் ஒஃபிசர் ஒரு கேள்வியோட விட்டார். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் அம்மாவின்ர கட்டிலுக்குப் பக்கத்தில இருந்தன், அவ கண் முழிக்கேக்கையும் இருந்தன்.

திரும்பி வரேக்க கவனிக்கவேண்டியது, டொரொண்டோ பியர்சன்லயே அமெரிக்க இமிக்ரேஷன் நடக்கும், ஃப்ளைட் ஏற முன்னம். என்னைத் தனி அறைக்கு அனுப்பிச்சினம், இலங்கைக்குப் போனியோ எண்டு கேட்டினம், இல்லை எண்டன், கொஞ்ச நேரத்தில விட்டிட்டினம், ஆனா நேரம் இறுக்கமா வைச்சு டிக்கெட் போட்டிருந்தா ஃப்ளைட் போயிருக்கும். வீட்டுக்கு வந்த உடன ஐ-94ஐ ஒன்லைனில எடுத்து ஸ்டேடஸ் சரியா இருக்கோ எண்டு பாருங்கோ, பிழை எண்டா அப்பவே திருத்தவேணும்.

கிரீன் கார்ட் இன்னும் வரேல்ல. அம்மா அங்க இன்னும் நிப்பா, நான் திரும்பப் போகவேணும், அதால அடுத்ததுக்கு இப்பவே ஆயத்தம். ரெண்டு புத்தகம் வைச்சிருக்க ஏலாது, செல்லுபடியான பழசு இருந்தா புதுசு கேக்கேக்க அதைத் திருப்பிக் குடுக்கவேணும், பயணம் ஒண்டு கிட்ட இருந்தா இதை யோசிச்சுச் செய்யுங்கோ. 2025 ஒக்டோபர் 28க்குப் பிறகு பேப்பரில அனுப்புற ஃபோர்முக்கு செக், மணி ஓடர் எடுக்கிறேல்ல, கார்ட் எண்டா ஜி-1450 ஃபோர்ம், பாங்க் கணக்கில இருந்து எண்டா ஜி-1650 ஃபோர்ம் வைக்கவேணும். அதில சைன் இல்லாட்டியும், கார்ட்டில காசு காணாட்டியும் முழுப் பார்சலும் திரும்பி வரும்.