ஆர்என்ஏ 1-ஐ மடித்துப் பார்த்தது: மூன்றாம் வாரக் குறிப்பு

பாக்டீரியாவுக்குள் தனியாக இரட்டிப்பாகும் சிறு வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிடுகளில் ஒன்று பிபிஆர்322. அதன் 4361 எழுத்துகளிலிருந்து, ஒரு செல்லில் அது எத்தனை படிகளாக இருக்கும் என்ற படி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஆர்என்ஏ 1 என்ற சிறு மூலக்கூறைப் பிரித்தெடுத்து, வியன்னா பல்கலைக்கழகத்தின் ஆர்என்ஏஃபோல்டு நிரலில் (ஓர் ஆர்என்ஏ எப்படி மடியும் என்று கணிப்பது) மடித்துப் பார்த்தேன். ஏறத்தாழ 108 எழுத்து நீளமுள்ள இது புரதமாக மாறுவதில்லை. பிளாஸ்மிடின் இரட்டிப்பைத் தொடங்கிவைக்கும் ஆர்என்ஏ 2 உருவாகும் அதே பகுதியில், எதிர்த்திசையில் உருவாகி, அதனுடன் பிணைந்து அதைத் தடுத்துவிடுகிறது என்பதை டோமிசாவாவும் இட்டோவும் 1981இல் இதன் உறவான கோல்இ1 பிளாஸ்மிடில் காட்டினார்கள்.

முதல் முயற்சி பிழையாகிவிட்டது. எதிர்த்திசை என்றாலே பிளாஸ்மிடின் வரிசைக் கோப்பில் உள்ளதைத் திருப்பி நிரப்பு இழையை (ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் இணை எழுத்து வரும் மறு இழையை) எடுக்க வேண்டும் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன். ஆர்என்ஏ தன்மேலேயே மடியும்போது, எழுத்துகள் இணைந்த தண்டும் நுனியில் இணையாத வளையமும் சேர்ந்து ஒரு கொண்டை ஆகும். தண்டின் நிரப்பு இழையும் பெரும்பாலும் தண்டாகவே மடியும் என்பதால் கொண்டைகள் அழகாகவே வந்தன. படத்தைப் பார்த்துப் பிழையை உணர வழியில்லை. ஐயத்தைக் கிளப்பியது முடிவுப் பகுதிதான். ஆர்என்ஏ 1-இன் மூன்றாம் கொண்டையே படியெடுப்பை நிறுத்தும் இடமும் ஆதலால், அதையடுத்து யு எழுத்துகள் தொடராக வரவேண்டும். என் வரிசையிலோ அந்தக் கொண்டை தொடக்கத்திலேயே இருந்தது, அதற்கு முன்னால் ஏ எழுத்துகள் வரிசையாக நின்றன. கோப்பில் உள்ளபடியே எடுத்து மறுபடி மடித்தேன். ஏ-சி-சி-ஏ-சி-சி-ஜி-சி என்று ஒரு பக்கம் ஏறி, யு-ஜி-ஜி-யு-ஏ என்ற ஐந்தெழுத்து வளையத்தைச் சுற்றி, ஜி-சி-ஜி-ஜி-யு-ஜி-ஜி-யு என்று மறுபக்கம் இறங்கி, அதன்பின் யு எழுத்துகளாகவே நீண்டது. ஓர் இணைகூடப் பிசகவில்லை; அதை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிய மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அடுத்து, அதே குடும்பத்தைச் சேர்ந்த பி15ஏ பிளாஸ்மிடின் ஆர்என்ஏ 1-ஐப் பக்கத்தில் வைத்தேன். எழுத்துகள் பல இடங்களில் வேறுபட்டாலும் மூன்று கொண்டைகள் என்ற வடிவம் மாறவில்லை. தண்டில் ஓர் எழுத்து மாறினால் எதிரிலுள்ள எழுத்தும் ஈடுகொடுத்து மாற வேண்டும். வளையத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வளையங்கள் வேறுபடுவதால்தான் ஒன்றின் ஆர்என்ஏ 1 மற்றதன் ஆர்என்ஏ 2-ஐத் தடுப்பதில்லை என்பதும், பி15ஏ வழிவந்த பிஏசிஒய்சி184-ஐயும் பிபிஆர்322-ஐயும் ஒரே ஈ. கோலை பாக்டீரியா செல்லில் சேர்த்து வளர்க்க முடிகிறது என்பதும் இப்போதுதான் எனக்குத் தெளிவாக விளங்கின.

பிபிஆர்322-இலிருந்து வந்த பியுசி பிளாஸ்மிடுகளில், ஆர்என்ஏ 1 ஆர்என்ஏ 2-உடன் பிணைய உதவும் ராப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்டதோடு ஆர்என்ஏ 2-இல் ஒரே ஓர் எழுத்தும் மாறியிருக்கிறது. செல்லுக்கு 15 முதல் 20 வரை இருந்த படிகள் 500க்கு மேல் உயர இவ்விரண்டுமே காரணம். அந்த எழுத்து மாற்றத்தின் விளைவு 37, 42 பாகை செல்சியஸில் வலுத்து 30 பாகையில் அடங்குகிறது என்பதால், மாறிய வரிசையை மூன்று வெப்பநிலைகளிலும் தனித்தனியே மடிக்கத் தொடங்கியிருக்கிறேன்.