ஷீட்டு கிழிச்ச கை, துணி சுத்தின ஸ்பானர்

போன வருஷம் அக்னி நட்சத்திர சமயம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனில ஃபிட்டர் நான். வேர்வைல வழுக்குதுன்னு கிளவுஸ கழட்டி வச்சிட்டு ஜிஐ ஷீட்ட இழுத்தேன், அது சறுக்கி வலது உள்ளங்கைய குறுக்கால ஒரே கிழி. ரத்தத்த பாத்துகூட பயம் வரல, நடுவிரலும் மோதிர விரலும் மடக்குனா மடங்காம நட்டுக்கிட்டு நின்னுச்சு பாருங்க, அதுல தான் ஆடிப்போயிட்டேன். நாம நரம்பு அறுந்துடுச்சும்போம், அது டெண்டனாம், விரல இழுக்கற கயிறு மாதிரி.

ஆட்டோல போகும்போதே சூப்பர்வைசர், "தம்பி, வீட்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுப்பா"ன்னாரு. வலில நானும் தலையாட்டியிருப்பேன். என் மச்சான் போன்ல கத்துன கத்துல தான் தெளிஞ்சேன். வேலைல பட்ட அடின்னா ஈஎஸ்ஐல, அதான் தொழிலாளர் காப்பீட்டுல, 90 சதவீத சம்பளம், டாக்டர் வேலைக்கு போலாம்னு எழுதிக் குடுக்கற வரைக்கும். சாதாரணமா உடம்பு சரியில்லன்னு போனா 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் தான். எனக்கு ஆனது நாலு மாசத்துக்கு மேல, நீங்களே கணக்கு போட்டுக்கங்க. கம்பெனி குடுக்க வேண்டிய ஆக்சிடென்ட் ரிப்போர்ட்டுக்கு, அதான் ஃபார்ம் 12, மச்சான் மூணு நாள் ஆபீஸ் வாசல்ல உக்காந்தான். டிஸ்பென்சரி சர்டிபிகேட் தவறாம வாங்கி குடுத்தா பணம் பேங்க்ல வந்துடுது, அதுல பெருசா சொல்ல ஒன்னுமில்ல.

ஆபரேஷன் முடிஞ்சு நாலாவது நாளே ஆக்குபேஷனல் தெரபி மேடம், அதான் அடிபட்ட கைய திரும்ப வேலைக்கு பழக்கறவங்க, கைய தாங்கிப் புடிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் செஞ்சு மாட்டி, மணிக்கு ஒரு தடவ இடது கையால இந்த ரெண்டு விரலையும் மெதுவா மடக்கி விடுங்கண்ணா, நீங்களா பலம் குடுத்து மடக்காதீங்க, எதையும் புடிக்காதீங்கன்னாங்க. நான் செய்யல. தையல் விட்டுடும்னு பயம், அதுக்கு மேல எங்க மாமியார் வேற ஆடாம அசங்காம வச்சிருங்க மாப்ளன்னு. ஆறு வாரம் கழிச்சு ஸ்பிளின்ட்ட கழட்டுனா விரல் கட்டையாட்டம் கெடக்கு. உள்ள டெண்டன் சுத்தி இருக்கற சதையோட ஒட்டிக்கிச்சாம், அது ஒட்டாம வழுக்கணும்னு தான் அந்த மடக்கற வேலையே.

அப்பயாவது மேடம்கிட்ட போனேனா, அதுவும் இல்ல. பாடில வீட்டு பக்கத்துலயே ஒரு கிளினிக், ஒரு தடவைக்கு 300 ரூபா, சூடு வப்பாங்க, கரண்ட் வப்பாங்க, 20 நிமிஷம் ஃபேனுக்கு கீழ சுகமா இருக்கும். பத்து நாள் போனேன், 3000 ரூபா போச்சு, விரல் அப்படியே தான் இருந்துச்சு. சூடு வச்சது தப்பில்ல, வச்சிட்டு உடனே விரல மடக்கி பழகணும், அத அங்க ஒருத்தரும் சொல்லல.

ரிவ்யூல டாக்டர்கிட்ட செம டோஸ் வாங்கி திரும்ப மேடம்கிட்டயே போய் நின்னேன். அவங்க திட்டல, கோணமானி மாதிரி ஒன்ன வச்சு ஒவ்வொரு மூட்டா அளந்து எழுதிக்கிட்டு, "வேலைல கையால என்னென்ன செய்வீங்கண்ணா?"ன்னாங்க. இத்தன நாள்ல ஒருத்தர் அத கேட்டது அன்னைக்கு தான். ஸ்பானர் புடிக்கணும் மேடம், ஷீட் தூக்கணும்னேன். அடுத்த வாட்டி ஸ்பானர எடுத்துட்டு வாங்கன்னாங்க.

அந்த ஸ்பானர்ல பழைய வேட்டித் துணிய கட்டு கட்டா சுத்தி, கைக்கு எட்டற தடிமனாக்கி குடுத்தாங்க, புடிச்சா போதும், இப்ப முறுக்காதீங்கன்னு. வாரா வாரம் ஒரு சுத்து அவுப்பாங்க. வீட்ல ரேஷன் அரிசி பக்கெட்ல கைய விட்டு பிசையறது, ஈரத் துண்ட பிழியறது. வலிக்கும், ஆனா ராத்திரி வரைக்கும் வலி விடாம இருந்தாலோ வீங்குனாலோ குறைச்சுக்கங்கன்னு சொல்லி வச்சிருந்தாங்க. புடிப்பு அளக்கற மிஷின்ல முதல் நாள் இடது 36 கிலோ, வலது 7. மூணாவது மாசம் முடியறப்ப 19. மூணு மாசம் தாண்டுன பிறகு தான் கனமா தூக்கவே விட்டாங்க, மண்ணு நிரப்புன பெட்டிய வச்சு, தரைலேர்ந்து டேபிளுக்கு, எங்க மிஷின் என்ன உயரமோ அதே உயரத்துக்கு.

இப்ப வேலைல தான் இருக்கேன். மோதிர விரல் இன்னும் உள்ளங்கைய தொடல, ஒரு விரல் அகலம் இடைவெளி நிக்குது, ரசம் சாதம் சாப்ட்டா அந்த சந்துல ஒழுகும். நிரந்தர ஊனத்துக்கு மெடிக்கல் போர்டுல எழுதி குடுத்திருக்கேன், இன்னும் கூப்பிடல. ஸ்பானர்ல ஒரு சுத்து துணி பாக்கி இருக்கு. அவுக்க மனசு வரல. சூப்பர்வைசர் அத பாத்துட்டு என்னப்பா இது கட்டுன்னு கேக்குறாரு, "வீட்ல வழுக்கி விழுந்தது சார்"னேன்.