முறுக்கிக்கொண்ட ஆக்ஸிலும் 9 இன்ச் ஆசையும்

2024 அக்டோபர் 12, சனி
டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் போட்டி) பாதையில் என் மஸ்டாங்கின் கிளட்சை விட்டதும் 'டங்' என்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரம் அதைச் சுழற்றும் தண்டான ஆக்ஸிலோடு சேர்ந்து நாலு விரற்கடை வெளியே வந்து ஃபெண்டரில் சாய்ந்து நிற்கிறது. நல்லவேளை, ஸ்டார்ட் கோட்டிலேயே உடைந்தது.

அக்டோபர் 13
பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரென்ஷியலின் மூடியைக் கழற்றினேன். அழுகின முட்டை வாடையோடு கியர் ஆயில், அதில் வெள்ளிப் பொடி. ஆக்ஸிலின் உள்முனையில் ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) எல்லாம் கை முறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டு, அப்புறம் ஒடிந்திருக்கிறது. இந்த 8.8-இல் (ஃபோர்டின் 8.8 அங்குல பின் ஆக்ஸில் அமைப்பு) சக்கரத்தை வெளியே வராமல் பிடித்திருப்பது அந்த முனையில் இருக்கும் சின்ன சி-கிளிப் ஒன்றுதான். முனை ஒடிந்தால் பிடிமானமும் போச்சு.

ஆக்ஸிலைக் குறை சொல்ல மனசு வரவில்லை. 1990 மஸ்டாங் 5.0, ஃபோர்டின் டியர்பார்ன் ஆலையில் இருந்து வெளியே வந்தபோது 225 குதிரைத்திறன். டர்போ மாட்டிய பிறகு டார்க்கே (முறுக்குவிசை) 450 பவுண்டு-அடி. முதல் கியர் விகிதம் 2.87, டிஃப்ரென்ஷியலில் இருக்கும் பெரிய கியர், சின்னக் கியர் (கிரவுன்-பினியன்) விகிதம் 3.73, பெருக்கினால் பின்னால் 4,800 பவுண்டு-அடிக்கு மேல். போதாததற்கு தரையை இறுகப் பிடிக்கும் ஸ்லிக் ரேஸ் டயர் வேறு.

அக்டோபர் 20
"9 இன்ச் போடு மச்சான், ஒரே தலைவலியா முடிஞ்சுடும்" என்கிறான் நண்பன். ஃபோர்டின் இன்னொரு பின் ஆக்ஸில் அமைப்பு அது. தப்பில்லை. பினியனின் வால் பக்கம் கூடுதலாக ஒரு பேரிங், சி-கிளிப்பே கிடையாது, கியர் செட்டை முன்பக்கமாக மொத்தமாகக் கழற்றலாம். ஆனால் என் வண்டியில் பின் ஆக்ஸிலை வண்டியோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம் இரண்டும் 8.8 வார்ப்பில் இருக்கும் காதுகளில்தான் மாட்டுகின்றன. 9 இன்ச்சில் அந்தக் காது இல்லை. இந்த வண்டிக்கென்றே செய்த ஹவுசிங் (வெளிக்கூடு) வேண்டும். பினியன் தாழ்வாக இருப்பதால் பல்லோடு பல் உரசி கொஞ்சம் சக்தியும் வீணாகும். புது டிரைவ்ஷாஃப்ட், பிரேக் எல்லாம் சேர்த்தால் நான் வண்டி வாங்கிய விலையைத் தாண்டுகிறது.

நவம்பர் 2
காயலான் கடையில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியின் 8.8. 31 ஸ்ப்ளைன், டிஸ்க் பிரேக். கை பரபரத்தது. ஆனால் அது லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) வண்டி. அதிலும் காது இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

நவம்பர் 10
முடிவு பண்ணியாச்சு: இருக்கிற ஹவுசிங்கையே பலப்படுத்துவது. 28 ஸ்ப்ளைனுக்குப் பதில் 31 ஸ்ப்ளைன் ஷாஃப்ட், அதற்கேற்ற டிஃப்ரென்ஷியல். தடிமன் சுமார் 1.18 அங்குலத்திலிருந்து 1.32 ஆகிறது. பார்க்க அற்ப வித்தியாசம். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் கிட்டத்தட்ட 40 சதவீதம் லாபம். வார்ப்பிரும்புக்குள் திணித்திருக்கும் குழாய்கள் திரும்பிவிடாமல் சுற்றிலும் வெல்டிங்.

சி-கிளிப்புக்கு மாற்றாக வரும் கிட்டுகள் தெருவில் ஓட்டினால் எண்ணெய் கசியும் என்று பேர் வாங்கியவை. அதனால் குழாயின் முனைகளை வெட்டிவிட்டு சி-கிளிப் தேவைப்படாத 9 இன்ச் முனைகளை ஒட்டப் போகிறேன். கால் மைலை 10.99 வினாடிக்குள் ஓடினால் என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதிப்படி சி-கிளிப்பை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. நான் இன்னும் 11.2-தான், ஆனாலும் ஆசை யாரை விட்டது?

"உன் 9 இன்ச்சுல முனை மட்டும் எடுத்துக்கறேன்" என்றேன் நண்பனிடம். சிரித்தான்.

நவம்பர் 24
வார்ப்பிரும்பை முதலில் சூடாக்கி, துண்டு துண்டாக வெல்டிங், ஆறும் வரை கம்பளிக்குள். அப்படியும் வலது குழாய் மயிரிழை வளைந்துவிட்டது. நேர்க்கம்பி நுழைத்துப் பார்த்து, மறுபக்கம் சூடு கொடுத்து இழுத்ததில் சரியானது. ஷாஃப்ட் வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை ஹவுசிங் கராஜில் அரிசி மூட்டை பக்கத்தில்தான் இருக்கும். வீட்டம்மா இன்னும் பார்க்கவில்லை.