பூங்காவில் ஒரு டப்பா வைக்க அனுமதி வாங்கிய கதை

நகராட்சிப் பூங்காவில் உள்ளங்கை அகல டப்பா ஒன்றை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு அலைந்ததை எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அனுமதி கிடைத்ததா என்றால், கிடைத்தது. ஆனால் நான் கேட்ட பூங்காவுக்கு அல்ல. ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. காவிரி டெல்டாவில் ஒரு நகராட்சி. குளம் உண்டு, தேர் உண்டு, பூங்கா உண்டு. இந்த அடையாளத்தை வைத்து யாராவது கண்டுபிடித்தால் அவர்கள் சாமர்த்தியம்.

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டுப் புத்தகத்தைப் போட்டு எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போய், டப்பாவைக் கண்டுபிடித்து, நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் அதன் பிறகு இடத்தைக் கிட்டத்தட்டச் சரியாகவே காட்ட ஆரம்பித்தன. அடுத்த சில நாட்களிலேயே ஒரேகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டோரமாக ஒளித்துவைத்து எண்களை வெளியிட்டார். அதுதான் ஆரம்பம். சிங்கப்பூரில் கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஊரோடு வந்துவிட்ட பிறகு பக்கத்தில் தேடுவதற்கு டப்பாவே இல்லை. சரி, நாமே வைப்போம் என்று இறங்கினேன்.

வைப்பதற்கு விதிகள் உண்டு. ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தில் பதியும் டப்பாவைத் தன்னார்வலர் ஒருவர் பரிசீலித்த பிறகுதான் வெளியிடுவார். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. தின்பண்டம் போடக் கூடாது. இன்னொரு டப்பாவிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பலர் கண்டுகொள்வதில்லை; சாலையோரக் கம்பியில் காந்த டப்பாவை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெருநகரத்தில் அது செல்லுபடியாகலாம். எங்கள் ஊரில் ஒருவன் பூங்கா பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினால், அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் எழுத்துப்பூர்வமாகவே கேட்பது என்று முடிவு செய்தேன்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் டெல்டாவின் அழகே இருக்கிறது. நான் மனதில் வைத்திருந்தது குளத்தங்கரைப் பூங்கா. வாசலில் நகராட்சி பெயர்ப் பலகை. ஆனால் குளம் கோயிலுடையது. பூங்காவின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் பாசன வாய்க்கால், அதன் கரை நீர்வளத் துறையுடையது. நகர நில அளவைப் பதிவேட்டில் புல எண்ணை வைத்துப் பார்த்தபோது, நான் கண் வைத்திருந்த தூங்குமூஞ்சி மரம் நகராட்சி நிலத்தில் இல்லை, கோயில் நிலத்தில் இருந்தது. கோயில் செயல் அலுவலர் மரியாதையாகப் பேசினார். ஆனால் மரத்தடியில் எதையாவது வைத்தால் நாலே நாளில் அதற்குச் சூடம் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்றார். அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

வாய்க்கால் கரை பற்றி நீர்வளத் துறை உதவிப் பொறியாளர் சொன்ன காரணம் இன்னும் உறுதியானது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அதற்கு முன்னால் கோடையில் தூர்வாரும் வேலை நடக்கும், கரை முழுக்க ஜேசிபி ஓடும். “அப்ப உங்க டப்பா எந்த மண் குவியல்ல இருக்கும்னு எனக்கே தெரியாது சார்” என்றார். பெரிய நதிக்கரைகளுக்கும் இதே கதைதான். கொள்ளிடத்தில் உபரி நீர் திறந்துவிட்டால் கரையோரம் போகாதீர்கள் என்று ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள். அங்கே ஆளைத் தேடி வரச் சொல்வது சரியில்லை.

மிச்சம், பூங்காவின் நகராட்சிப் பகுதி. மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அந்த மனு அலுவலகத்துக்குள் செய்த யாத்திரை சுவாரசியமானது. முதலில் சுகாதாரப் பிரிவுக்குப் போனது. டப்பா என்றால் குப்பை, குப்பை என்றால் சுகாதாரம். அங்கிருந்து வருவாய்ப் பிரிவுக்கு. நகராட்சி இடத்தில் பொருள் வைப்பதென்றால் தரை வாடகை போட வேண்டுமே. “எத்தனை சதுர அடி?” என்று கேட்ட இளநிலை உதவியாளரிடம் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நகரமைப்புப் பிரிவில் கேட்கச் சொன்னார். நகரமைப்பில் இதை விளம்பரப் பலகை அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த விளக்கச் சீட்டுதான் விளம்பரமாம். யாரும் மறுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த தலைப்புக்குள் இதை அடைக்கப் பார்த்து, அடையாததால் அடுத்த மேஜைக்குத் தள்ளினார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்திலும் ஒரு மனு கொடுத்தேன். அது அதே நகராட்சிக்கு நடவடிக்கைக்காக வந்து சேர்ந்தது. வேறென்ன நடக்கும்?

கடைசியில் பொறியியல் பிரிவில் ஒருவர் வாய்விட்டு, “பூங்கா போர்டுலயே போட்டிருக்கே சார், விளையாட்டுகளுக்கு அனுமதி இல்லைன்னு” என்றார். அப்போதுதான் அந்தப் பலகையை முழுதாகப் படித்தேன். பூப்பறிக்காதீர், புல்தரையில் நடக்காதீர், பந்து விளையாடாதீர், உணவு கொண்டுவராதீர், கூட்டம் கூடாதீர், அநாவசியமாக அமராதீர். பூங்காவில் அவசியமாக எப்படி உட்காருவது? பந்துக்குத் தடை புரிகிறது. நடைப்பயிற்சி போகும் பெரியவர்கள் மண்டையில் பட்டால் யார் பதில் சொல்வது. மற்றவை எங்கிருந்து வந்தன என்று அறிய ஆசை வந்தது.

2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தப் பலகையில் உள்ள தடைகள் எந்த மன்றத் தீர்மானத்தின்படி விதிக்கப்பட்டன, நகல் தருக என்று பொதுத் தகவல் அலுவலருக்குக் கேள்வி அனுப்பினேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்; தந்தார்கள். அப்படியொரு தீர்மானம் கோப்பில் இல்லை. பலகை, பூங்கா சீரமைப்புப் பணியின்போது ஒப்பந்ததாரரால் வைக்கப்பட்டது. ஊர்க் குழந்தைகள் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாமா கூடாதா என்பதைப் பெயிண்ட் அடித்தவர் முடிவு செய்திருக்கிறார்.

இந்தப் பதிலைக் கொண்டுபோய்ச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. தகவல் உரிமை மனு போட்டதிலேயே அலுவலகத்தில் முகங்கள் மாறிவிட்டன. “நேர்ல வந்து கேட்டிருக்கலாமே” என்றார் ஒருவர். நேரில் வந்து கேட்டதன் முத்திரைதான் என் பையில் இருந்தது. ஆனால் ஒரு நன்மை நடந்தது. கோப்புக்கு ந.க. எண், அதாவது அலுவலகப் பதிவு எண், விழுந்தது. அது விழாத வரை நீங்கள் அலுவலகத்தில் வெறும் நடமாட்டம்தான். எண் விழுந்த பிறகு ஆணையரே கூப்பிட்டுப் பேசினார். அவருடைய கவலை நேரானது: யாராவது மர்மப் பொருள் என்று போன் செய்தால்? காவல் நிலையத்தில் தடையின்மைச் சான்று வாங்கி வாருங்கள் என்றார்.

அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று நாள் முழுக்க அறிவிப்புக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களிடம், கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பாவைத் திறந்து பாருங்கள் என்று சொல்கிற விளையாட்டு இது. காவல் நிலையத்தில் யாரும் கேட்பதற்கு முன்னால் நானே ஒரு சம்பவத்தைச் சொன்னேன். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில் ஓர் உணவகத்துக்கு வெளியே ஒளித்துவைத்த டப்பாவைக் குண்டு என்று நினைத்து, தெருவை அடைத்து, நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்தார்கள். உள்ளே இருந்தது இந்த நோட்டுதான். மறைத்துவிட்டுப் பிறகு அவர்களாகத் தெரிந்துகொள்வதைவிட முதலிலேயே சொல்வது நல்லது என்று தோன்றியது. ஏட்டையா டப்பாவைத் திறந்து நோட்டு, பென்சில், இரண்டு கோலிக்குண்டு, ஒரு பழைய பத்துப் பைசா எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். “இதைக் கண்டுபிடிச்சா என்ன தருவீங்க?” “ஒண்ணும் இல்லை சார்.” “அப்புறம் எதுக்குத் தேடுறாங்க?” அதற்கு நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை, சான்றுக்கு அது தேவையாகவும் இல்லை. ஆய்வாளர் வைத்த நிபந்தனைகள் எல்லாமே உருப்படியானவை: டப்பாவுக்குள் இருப்பது வெளியே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், என் பெயரும் செல்போன் எண்ணும் தமிழில் ஒட்ட வேண்டும், சுதந்திர தினம், குடியரசு தினம், தேர்த் திருவிழா நாட்களில் எடுத்துவிட வேண்டும், சரியான இடத்தின் போட்டோ நிலையத்தில் இருக்க வேண்டும்.

சான்றோடு போன பிறகும் குளத்தங்கரைப் பூங்கா கிடைக்கவில்லை. பராமரிப்பு ஒப்பந்ததாரர் மறுப்புத் தெரிவித்தாராம். ஆணையர் மாற்று வழி சொன்னார். பெரிய மனைப்பிரிவு போடும்போது நிலத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா, அப்படி வந்த இடத்தில் எங்கள் ஊர்ப் புறநகர் ஒன்றில் சின்னப் பூங்கா இருக்கிறது. குடியிருப்போர் சங்கம்தான் பார்த்துக்கொள்கிறது. சங்கத்தின் ஒப்புதல் கடிதம் கொண்டுவந்தால் போதும் என்றார். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அட்சரேகையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முடியும் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஓராண்டுக்கான செயல்முறை ஆணை வந்தது, எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்ற வரியோடு.

குளத்தங்கரையை நான் விட்டுவிடவும் இல்லை. பல கட்டமாகத் தேடும் வகை ஒன்று இந்த விளையாட்டில் உண்டு. முதல் கட்டத்தில் டப்பா இருக்க வேண்டியதில்லை, அங்கே இருக்கும் ஏதாவது ஒன்றைப் படித்து எண்ணைக் கண்டுபிடித்தால் போதும். எந்தப் பூங்கா வாசலிலும் திறப்பு விழாக் கல்வெட்டு இல்லாமல் இருக்குமா? அதில் உள்ள தேதியையும் மாண்புமிகுக்களின் எண்ணிக்கையையும் கூட்டிக் கழித்தால் இரண்டாவது இடத்தின் எண்கள் வரும். கல்வெட்டைப் படிக்க எந்தப் பிரிவின் அனுமதியும் தேவையில்லை.

ஊரில் இதெல்லாம் நம் நாட்டு அலுவலகங்களுக்கு மட்டுமே உள்ள வியாதி என்று சொல்லிச் சிரித்தார்கள். அது சரியில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் டப்பா வைக்க முடியாது. வைத்தால் கைவிடப்பட்ட பொருள் என்ற கணக்கில் எடுத்துப் போய்விடுவார்கள். சில இடங்களில் தடை இருப்பதுதான் நியாயம். கோடியக்கரை சரணாலயத்துக்குள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நுழைவதற்கே அனுமதி வேண்டும். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளில் பறவைகள் வந்து அமர்ந்திருக்கும் மாதங்களில் புதருக்குள் ஆள் புகுந்து தேடுவதை நானே எதிர்ப்பேன். பெரிய கோயில், தாராசுரம், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை போன்ற இடங்களில் யாராவது அனுமதி தந்தாலும் வைக்க மாட்டேன். தேடுவதற்காகச் செங்கல்லை அசைக்கிறவனுக்கும் செங்கல்லைப் பெயர்க்கிறவனுக்கும் காவலாளி எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பார்? அப்படிப்பட்ட இடங்களுக்கு எர்த்கேச் என்ற வகை இருக்கிறது. டப்பா கிடையாது, நிலவியல் பற்றிய கேள்விக்கு நேரில் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும். தரங்கம்பாடிக் கடற்கரையில், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலருகே நின்று கரை எப்படிக் கரைகிறது என்று பார்ப்பதற்கு அதுதான் பொருத்தம்.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மனுவோடு டப்பாவின் போட்டோ, கையால் வரைந்த இடக்குறிப்பு, கேட்ட மறுநாளே எடுத்துவிடுகிறேன் என்ற உறுதிமொழிக் கடிதம் மூன்றையும் வைத்துவிடுங்கள். எனக்குக் கடைசியில் வேலை செய்தது அந்த உறுதிமொழிதான். அலுவலகத்தில் டப்பாவை எப்படி வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை, பிரச்சினை வந்தால் யார் எடுப்பது என்றுதான் யோசிக்கிறார்கள்.

இதுவரை நோட்டில் அதிகம் கையெழுத்துப் போட்டிருப்பது அந்தத் தெருப் பிள்ளைகள். தரங்கம்பாடி போகிற வழியில் ஒரு டென்மார்க் தம்பதி வந்து தேடிக் கண்டுபிடித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த சங்கப் பொருளாளர் அவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது டப்பா என் வீட்டில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூங்காவில் தண்ணீர் நிற்கும் என்பதால் மழைக்காலத்தில் எடுத்துவிட வேண்டும் என்று ஆணையிலேயே எழுதிவிட்டார்கள். தளத்தில் தற்காலிக நிறுத்தம் என்று போட்டிருக்கிறேன். பொங்கல் கழிந்ததும் திரும்ப வைப்பேன். தேட வருகிறவர்கள் அதற்கு அப்புறம் வாருங்கள். காலை பத்து மணிக்குள் வந்தால் கேட் திறந்திருக்கும்.